பாசி தனியாக வளராது

உழவர் சந்திப்புகளில் இப்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "பாசியில இருந்து டீசல் எடுக்கலாமாமே, அரை ஏக்கர்ல தொட்டி கட்டினா போதுமாமே, செய்யலாமா சார்?" கேட்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். கைபேசியில் ஒரு படம் பார்த்திருப்பார்கள். நீளமான தொட்டியில் பச்சைத் தண்ணீர் சுழன்று ஓடும். ஓரத்தில் ஒருவர் குப்பியில் எண்ணெயைத் தூக்கிக் காட்டுவார். லட்சக்கணக்கில் முதலீடு என்று பேச்சு போகிறது. காசு போடும் விஷயம் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்த்துவிடுவோம்.

இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எல்லோரும் பாசியைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் அந்தக் குளம் விளையுமா, நொடித்துப் போகுமா என்பதில் பெரும்பங்கு பாசியோடு சேர்ந்து வாழும் பாக்டீரியாக்களுக்கு இருக்கிறது. மண்ணில் நுண்ணுயிர்களை நம்பி விவசாயம் செய்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை.

எந்தப் பாசி?

கிணற்றுப் படியில் வழுக்குவதும், குளத்தில் கயிறு கயிறாகப் பிடிப்பதும் இங்கே நாம் பேசும் பாசி இல்லை. திறந்த தொட்டியில் விட்ட தண்ணீர் சில நாளில் பச்சையாக மாறுகிறதே, அந்தப் பச்சைதான் நுண்பாசி. ஒரே செல்லால் ஆன உயிர். குளோரெல்லா என்ற வகையை எடுத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் சுமார் 200 செல்களை வரிசையாக நிறுத்தலாம். வேர் கிடையாது, தண்டு கிடையாது. உடம்பு முழுவதும் இலை மாதிரி வேலை செய்யும். நல்ல வெயிலும் சத்தும் கிடைத்தால் ஒரே நாளில் இரட்டிப்பாகிவிடும். காய்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்பது பல வகைகளில் சாதாரணம். அந்த எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்ய முடியும். இதுவரை சொன்னதெல்லாம் உண்மை.

இடையில் ஒரு விளக்கம். நெல் வயலுக்கு இடுகிற நீலப்பச்சைப் பாசி, அசோலா இலைக்குள் குடியிருக்கும் அனபீனா, இவை பெயரில்தான் பாசி. உண்மையில் இவை பாக்டீரியா இனம். இந்தக் கட்டுரையில் பாசி என்று சொல்வது பச்சைப் பாசி, டயாட்டம் போன்ற உண்மையான பாசிகளை.

பதினெட்டு ஆண்டு சோதனை

பாசி எண்ணெய் புதிய யோசனை இல்லை. எண்ணெய் விலை ஏறிய காலத்தில், 1978ல் அமெரிக்க எரிசக்தித் துறை இதற்கென்றே ஒரு பெரிய ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1996 வரை நடந்தது. 3,000க்கும் மேற்பட்ட பாசி வகைகளைச் சேகரித்து, அதில் சுமார் 300 நல்ல வகைகளைப் பொறுக்கி எடுத்தார்கள். நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ராஸ்வெல் ஊரில் 1,000 சதுர மீட்டர் அளவில் திறந்தவெளிக் குளங்கள் வெட்டி வளர்த்துப் பார்த்தார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரே நாளில் 50 கிராம் காய்ந்த பாசி கிடைத்த நாளும் உண்டு. ஆனால் குளிர் இரவுகளையும் சேர்த்து ஆண்டு முழுவதும் சராசரி பார்த்தால் சுமார் 10 கிராம்தான் தேறியது.

1998ல் வெளியான முடிவறிக்கையில் நமக்கு வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பொறுக்கி எடுத்த உயர்ந்த ரகங்கள் திறந்த குளத்தில் நிலைக்கவில்லை. அந்தந்த ஊர்க் காற்றிலும் தண்ணீரிலும் இருந்த நாட்டுப் பாசிகள் வந்து குளத்தைப் பிடித்துக்கொண்டன. உள்ளூர் வகைகளையே வளர்ப்பதுதான் நல்லது என்று எழுதினார்கள். நாட்டு ரகம் பற்றி நாம் மேடை போட்டுச் சொல்வதை அவர்கள் குளம் வெட்டித் தெரிந்துகொண்டார்கள்.

ஆய்வுக்கூடத்தில் கொதிக்க வைத்து, மூடி, சுத்தமாக வளர்க்கலாம். ஒரு ஏக்கர் குளத்தைக் கொதிக்க வைக்க முடியுமா? காற்றிலும் தூசியிலும் பறவைக் காலிலும் பாக்டீரியா வந்துகொண்டே இருக்கும். அவை வந்தே தீரும் என்றால், எது வந்தால் நல்லது, எது வந்தால் கெடுதல் என்பதுதான் கேள்வி.

வேரைச் சுற்றி நடப்பதே இங்கும்

வேரைச் சுற்றியுள்ள மண்ணில் நுண்ணுயிர் கூட்டம் கூட்டமாக இருக்கும் என்பது நமக்குப் பாடம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹில்ட்னர் 1904லேயே அந்தப் பகுதிக்குத் தனிப் பெயர் வைத்தார். நாம் வேர்மண்டலம் என்கிறோம். செடி தான் செய்த சர்க்கரையில் ஒரு பகுதியை வேர் வழியாகக் கசியவிடுகிறது. அதைத் தின்ன நுண்ணுயிர் வருகிறது, பதிலுக்குச் சத்தைக் கரைத்துக் கொடுக்கிறது.

பாசி செல்லும் இதையே செய்கிறது. தான் செய்த உணவில் ஒரு பங்கு அதைச் சுற்றியுள்ள தண்ணீரில் கசிகிறது. அந்த மெல்லிய நீர்ப்படலத்தில் பாக்டீரியா மொய்க்கிறது. 1972ல் விஞ்ஞானிகள் இதற்கும் தனிப் பெயர் கொடுத்தார்கள். நாம் பாசிமண்டலம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே நடக்கும் கொடுக்கல் வாங்கலை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் காற்று. பாசி வெயிலில் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனை விடுகிறது. பாக்டீரியா ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடுகிறது. ஒரு கிலோ காய்ந்த பாசி உருவாகச் சுமார் 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும். காற்றிலிருந்து அவ்வளவும் வேகமாகக் கரைந்து வராது. பக்கத்திலேயே பாக்டீரியா விட்டால் உதவி. அதோடு, உச்சி வெயிலில் தண்ணீரில் ஆக்சிஜன் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் பாசியின் உணவுத் தயாரிப்பே மந்தமாகும். பாக்டீரியா அதைக் குறைத்துக் கொடுக்கிறது.

இரண்டாவது வைட்டமின். பி12 வைட்டமினைச் செடியும் செய்யாது, விலங்கும் செய்யாது. பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் மட்டுமே செய்யும். 2005ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 326 பாசி வகைகளைப் பார்த்ததில் 171 வகைகளுக்கு வெளியிலிருந்து பி12 கட்டாயம் தேவை. பாதிக்கு மேல்! அவற்றுக்கு பாக்டீரியா கொடுத்தால்தான் வாழ்வு. பிறகு 2012ல் லோபோமோனாஸ் என்ற பச்சைப் பாசியைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. அதற்கு பி12 கொடுத்தது நம் ரைசோபியத்தின் நெருங்கிய உறவான மீசோரைசோபியம். உளுந்து வேர் முடிச்சில் பார்க்கிற அதே குடும்பம், தண்ணீரிலும் பாசியோடு பண்டமாற்று செய்கிறது. குளோரெல்லா போன்ற சில வகைகளுக்கு பி12 வெளியிலிருந்து தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது இரும்பு. தண்ணீரில் இரும்பு இருந்தாலும் கரையாத வடிவில் இருந்தால் பாசியால் எடுக்க முடியாது. சில பாக்டீரியாக்கள் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பொருளைச் சுரக்கின்றன. கடலில் வாழும் மாரினோபாக்டர் சுரக்கும் அப்படியொரு பொருள் வெயிலில் சிதைந்து, பாசியும் எடுத்துக்கொள்ளும் வடிவில் இரும்பை விடுவதை 2009ல் காட்டினார்கள்.

நான்காவது வளர்ச்சி ஊக்கி. 2015ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது இது. கடலில் வாழும் ஒரு டயாட்டம், டிரிப்டோபான் என்ற பொருளைக் கொடுக்கிறது. சல்பிடோபாக்டர் என்ற பாக்டீரியா அதை வாங்கி இண்டோல் அசிட்டிக் அமிலமாக மாற்றித் திருப்பிக் கொடுக்கிறது. அது கிடைத்ததும் டயாட்டம் வேகமாகப் பெருகுகிறது. இண்டோல் அசிட்டிக் அமிலம் என்பது பயிரில் வேர் விட வைக்கும் ஆக்சின்தான். நாற்று நனைக்கும்போது நாம் நுண்ணுயிர்களிடம் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

தண்ணீரில் நம்ம அசோஸ்பைரில்லம்

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மெக்ஸிகோ நாட்டு ஆராய்ச்சி. அங்கே லா பாஸ் என்ற ஊரில், பாலைவனத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஆராய்ச்சி மையம். யோவ் பஷான், லூஸ் டி பஷான் என்ற விஞ்ஞானிகள் கழிவுநீரைச் சுத்தம் செய்ய குளோரெல்லாவை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அதோடு அவர்கள் சேர்த்தது எதை? அசோஸ்பைரில்லம்! நெல்லுக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் விதை நேர்த்திக்கு நாம் பொட்டலமாகவும் பாட்டிலாகவும் வாங்குகிறோமே, அதே இனம்.

பாசியையும் பாக்டீரியாவையும் ஆல்ஜினேட் என்ற கூழில் கலந்து, ஜவ்வரிசி போலச் சின்னச் சின்ன உருண்டைகளாக்கி நீரில் விட்டார்கள். ஒரே உருண்டைக்குள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். 2000ஆம் ஆண்டிலிருந்து அவர்கள் வெளியிட்ட முடிவுகளில், தனியாக வளர்ந்த குளோரெல்லாவைவிட கூட்டாக வளர்ந்தது எண்ணிக்கையில் கூடியது. பச்சையமும் கொழுப்பும் கூடின. தண்ணீரிலிருந்த அம்மோனியாவையும் மணிச்சத்தையும் அதிகமாக எடுத்தது.

காரணம் தழைச்சத்தா? நாம் அப்படித்தான் நினைப்போம், அசோஸ்பைரில்லம் என்றாலே காற்றிலிருந்து தழைச்சத்து என்றுதானே படித்திருக்கிறோம். அவர்கள் 2008ல் இதையும் சோதித்தார்கள். ஆக்சின் சுரக்கும் திறன் குறைந்த அசோஸ்பைரில்லத்தைப் போட்டால் பாசிக்கு அந்த ஊக்கம் கிடைக்கவில்லை. ஆக, பாசியைத் தூக்கிவிட்டதில் ஆக்சினுக்குப் பெரிய பங்கு. நம் வயலிலும் அசோஸ்பைரில்லம் நேர்த்தி செய்த பயிரின் வேர் பெருகுவதற்கு இந்தச் சுரப்பு முக்கியக் காரணம். யூரியாவுக்கு மாற்று என்று மட்டும் அதைப் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறோம்.

கூட்டாளி பகையாளி ஆவதும் உண்டு

எல்லா பாக்டீரியாவும் நல்லது என்று எழுதினால் அது பொய். குளோரெல்லாவுக்கென்றே ஒரு எமன் இருக்கிறது, வாம்பைரோவிப்ரியோ என்று பெயர். ரத்தக் காட்டேரி என்ற பொருளில் வைத்த பெயர். பாசி செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் திறந்தவெளிக் குளோரெல்லாக் குளங்களில் இது நாசம் செய்திருக்கிறது. சில நாளில் பச்சைக் குளம் பழுப்பாகிவிடும். கொஞ்ச நேரம் நீரின் அமிலத்தன்மையைக் கூட்டி இதை அடக்கலாம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

இன்னொரு கதை விசித்திரமானது. கடல் பாசி ஒன்றோடு பியோபாக்டர் என்ற பாக்டீரியா வாழ்கிறது. பாசி இளமையாக இருக்கும்வரை ஆக்சின் கொடுக்கும், மற்ற கிருமிகளை விரட்டும். பாசி வயதாகிச் சிதைய ஆரம்பித்ததும் ஒரு பொருளை வெளிவிடும். அந்த வாசனை பட்டதும் பாக்டீரியா விஷத்தைச் சுரந்து அதே பாசியைக் கொன்றுவிடும். 2011ல் இதை ஹார்வர்டு விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். பால் கறக்கும்வரை பராமரித்து, கறவை நின்றதும் அடிமாட்டுக்கு அனுப்புவது போல!

இதிலிருந்து குளம் வைப்பவர் எடுத்துக்கொள்ள வேண்டியது, பாசியை முதிர விடக்கூடாது என்பது. கீரையைப் பருவத்தில் அறுப்பது போலத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தேங்கிக் கிடந்தால் கூட்டாளியே குழி பறிக்கலாம்.

எண்ணெய் வேண்டுமா, வளர்ச்சி வேண்டுமா?

பாசிக்கு ஒரு குணம். தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் வேகமாகப் பெருகும், எண்ணெய் குறைவாக இருக்கும். தழைச்சத்தைப் பட்டினி போட்டால் எண்ணெயைச் சேர்த்து வைக்கும், ஆனால் பெருகுவதை நிறுத்திவிடும். விளம்பரத்தில் சொல்லும் "50 சதவீத எண்ணெய்" எல்லாம் பட்டினி போட்ட பாசியின் கணக்கு. அமெரிக்கத் திட்டத்திலும் இதைக் கண்டார்கள். பட்டினியில் ஒரு செல்லுக்குள் எண்ணெய் கூடியது, குளத்தின் மொத்த எண்ணெய் கூடவில்லை. நல்ல பாக்டீரியாக் கூட்டு இருந்தால் வளர்ச்சியைக் கெடுக்காமல் கொழுப்பைக் கூட்ட முடியுமா என்பதுதான் இப்போது பல ஆய்வுக்கூடங்களின் தேடல். உருண்டைக்குள் கிடைத்த வெற்றி ஏக்கர் குளத்தில் எரிபொருள் விலைக்குக் கட்டுப்படியாகும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

ஏக்கர் கணக்கு

வங்கியில் கடன் மனுக்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்த பழக்கம் என்னை விடாது. ஒரு ஏக்கர் குளத்துக்குக் கணக்குப் போடுவோம்.

ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். ராஸ்வெல் சராசரியான 10 கிராம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 40 கிலோ காய்ந்த பாசி. எண்ணெய் 20 சதவீதம் என்றால் 8 கிலோ, அதாவது சுமார் 9 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்க்கு விற்றாலும் நாளைக்கு 900 ரூபாய்.

இப்போது செலவுப் பக்கம். திறந்த குளத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் அரை கிராம் பாசி இருந்தாலே நல்ல அடர்த்தி. 40 கிலோ எடுக்க 80,000 லிட்டர் தண்ணீரை தினமும் வடிகட்ட வேண்டும். வெயிலில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் ஏக்கருக்கு 20,000 லிட்டர் தினமும் போகும், ஈடுகட்ட வேண்டும். பாசியின் காய்ந்த எடையில் சுமார் 7 சதவீதம் தழைச்சத்து. 40 கிலோவுக்கு 2.8 கிலோ தழைச்சத்து வேண்டும். யூரியாவாகப் போட்டால் தினம் 6 கிலோ, மாதம் 4 மூட்டை! சுழற்ற மின்சாரம், உலர்த்த வெப்பம், எண்ணெய் பிரிக்கச் செலவு எல்லாம் தனி. இயற்கை எரிவாயுவை எரித்துச் செய்த யூரியாவைக் கொட்டி எண்ணெய் எடுப்பதை எப்படிப் பசுமை எரிபொருள் என்பது?

விளைச்சலை இரட்டிப்பாக்கி 20 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரியாவும் இரட்டிப்பாகும். பெரிய நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகவில்லை. 2009ல் எக்ஸான்மொபில் நிறுவனம் பாசி எரிபொருளுக்கு 60 கோடி டாலர் வரை செலவிடத் தயார் என்று அறிவித்தது. 2023ல் அந்த முயற்சியிலிருந்து விலகிக்கொண்டது.

பாக்டீரியா கணக்கை மாற்றும் இடம்

இந்தக் கணக்கில் யூரியாச் செலவும் வடிகட்டும் செலவும்தான் பெரிய பூதங்கள். இரண்டிலும் பாக்டீரியா கை கொடுக்கிறது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்வால்ட் 1950களிலேயே சாக்கடை நீரில் பாசி வளர்த்தார். ஆழம் குறைந்த, ஓட்டப் பந்தயப் பாதை மாதிரி வளைந்த குளம். பாக்டீரியா சாக்கடையில் உள்ள அழுக்கைச் சிதைத்து அம்மோனியா, மணிச்சத்து, கரியமில வாயுவாக மாற்றுகிறது. பாசி அதைச் சாப்பிட்டு ஆக்சிஜன் கொடுக்கிறது. அந்த ஆக்சிஜன் பாக்டீரியாவுக்குப் போகிறது. யூரியா வாங்க வேண்டாம், காற்று ஊத மோட்டார் வேண்டாம். தண்ணீரும் சுத்தமாகிறது. இன்று படங்களில் பார்க்கும் தொட்டிகளின் மூல வடிவம் இதுதான்.

வடிகட்டுவதற்கு வருவோம். சில பாக்டீரியா பசை போன்ற பொருளைச் சுரந்து பாசிகளை ஒன்றாகக் கட்டும். திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகித் தானே அடியில் படியும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் கழிவுநீரில் இப்படிப்பட்ட பாசி பாக்டீரியாக் கட்டிகளை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். 80,000 லிட்டரை இயந்திரத்தில் சுற்றுவதற்குப் பதில் அடியில் படிந்ததை மட்டும் எடுத்தால் போதும்.

ஸ்பெயினின் சிக்லானா நகரத்தில் 2011ல் தொடங்கிய ஐரோப்பியத் திட்டம் இந்த வழியில் போனது. நகரக் கழிவுநீரில் பாசி வளர்த்தார்கள். பாசியைப் பிழிந்து எண்ணெய் எடுக்காமல், ஈரத்தோடு அப்படியே சாண எரிவாயுக் கலன் போன்ற மூடிய கலனில் போட்டு, நுண்ணுயிர்களைக் கொண்டு எரிவாயு ஆக்கினார்கள். சுத்தப்படுத்திய அந்த வாயுவில் கார் ஓட்டினார்கள். உலர்த்தும் செலவு இல்லை, எண்ணெய் அதிகமுள்ள ரகம் தேவையில்லை, வந்த பாசி எதுவானாலும் சரி. அங்கே முதல் வருமானம் கழிவுநீர் சுத்திகரிப்பு, எரிவாயு கூடுதல் லாபம். பாசி எரிபொருளுக்கு எதிர்காலம் இருந்தால் இந்த வழியில்தான் என்று நினைக்கிறேன். அது நகராட்சிகளும் பெரிய பால் பண்ணைகளும் செய்யக்கூடியது. அரை ஏக்கர் கிணற்றுப் பாசனக்காரர் கடன் வாங்கிச் செய்யக்கூடியது இல்லை.

பணம் போடுவதற்கு முன்

யாராவது பாசித் திட்டத்தோடு வந்தால், கையெழுத்துப் போடுமுன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. விளைச்சல் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? நல்ல நாள் கணக்கா, மழைக்காலமும் சேர்த்த ஆண்டு சராசரியா? ஈர எடையா, காய்ந்த எடையா?

2. தழைச்சத்தும் மணிச்சத்தும் எங்கிருந்து? மூட்டையில் வருகிறது என்றால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

3. ஆவியாகும் தண்ணீருக்கு ஈடு எது? கோடையில் கிணறு தாங்குமா?

4. அறுவடை எப்படி, அதற்கு மின்சாரம் எவ்வளவு?

5. வேறு பாசியோ கெட்ட பாக்டீரியாவோ வந்து குளம் நொடித்தால் மறுபடி விதைப்பாசி யார் கொடுப்பார், நட்டம் யார் தலையில்?

6. வாங்குபவர் யார்? விலை எழுத்தில் இருக்கிறதா? இப்போது வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு குளத்தை நேரில் காட்டுவாரா?

காட்டாமணக்கில் டீசல் என்று சொல்லித் தரிசு நிலமெல்லாம் நட வைத்த காலம் நம் பலருக்கும் நினைவிருக்கும். காய்த்த காயை வாங்க ஆள் வரவில்லை. ஆறாவது கேள்வியை அதனால்தான் சேர்த்தேன்.

நம் பண்ணைக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லையா? இருக்கிறது. மாட்டுத் தொழுவம் கழுவிய நீரை ஆழம் குறைந்த குழியில் வெயில் படத் தேக்கினால் அதே பாசி பாக்டீரியாக் கூட்டு காசில்லாமல் வேலை செய்யும். வாடை குறையும். வீணாகும் தழைச்சத்தின் ஒரு பகுதி பாசி உடம்பில் தங்கும். அந்தப் பச்சை நீரைத் தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் வாய்க்கால் வழியாகப் பாய்ச்சலாம். சொட்டுநீர்க் குழாயில் விடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். நீரின் மேல் பெயின்ட் கொட்டியது போல நீலப்பச்சைப் படலம் கட்டினால், அதை மாடு ஆடு குடிக்க விடக்கூடாது. சில நீலப்பச்சை வகைகள் விஷத்தைச் சுரக்கும், கால்நடை இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. சாண எரிவாயுக் கலன் வைத்திருப்பவர்கள் தொட்டியில் படியும் பாசியை அள்ளிச் சாணக் கரைசலோடு சேர்த்து விடலாம். அடுப்புக்கு வாயுவும் வயலுக்குக் கழிவும் அதிலேயே வந்துவிடும்.